பழைய கவுனின் உள்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டு கவுன் ஒன்றை ஒரு சேகரிப்பில் அளவெடுத்து, அப்படியே தைத்துப் பார்த்தேன். இடுப்பில் உட்காரவே இல்லை. தோளில் எதற்கென்றே தெரியாத ஒரு மடிப்பு வேறு. எங்கே தவறினேன்? அன்றைய பெண்கள் அவ்வளவு சிறிய உடம்புக்காரர்களா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அளவு சரியாகவே இருக்கும். ஆனால் நீங்கள் அளந்தது முதலில் தைத்த கவுன்தானா? அன்று பட்டுத் துணிதான் விலை, தையல்கூலி சொற்பம். அதனால் ஒரே கவுனைப் பல ஆண்டு கழித்துப் பிரித்து, புது மோஸ்தருக்கோ வேறொருத்தியின் உடம்புக்கோ மாற்றித் தைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மாறுவேட விருந்துகளுக்காகத் திருத்தியவையும் உண்டு. உங்களைக் குழப்பும் தோள் மடிப்பு அப்படிப் பிடித்ததாக இருக்கலாம்.

இதை உள்பக்கம்தான் சொல்லும். பிரித்த தையலின் ஊசித்துளைகள் பட்டில் வரிசையாகத் தெரியும். வெளிச்சம் படாத மடிப்புக்குள் பழைய நிறம் அப்படியே இருக்கும். நூலும் தையலின் நெருக்கமும் திடீரென மாறினால் அது வேறொரு கை. மிஷின் தையல் தென்பட்டால் அந்தக் கை 1850க்குப் பிந்தையது. இத்தனையும் குறித்த பிறகு, எந்தக் காலத்துக் கவுனைத் தைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எனக்கு இதுதான் இந்த வேலையிலேயே பிடித்த கட்டம்.

இடுப்புக்கு வருவோம். உள்ளே விறைப்பான கச்சு, அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை, போட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கவுன் வெறும் உடம்புக்குத் தைத்ததல்ல, கச்சு பிடித்த உடம்புக்குத் தைத்தது. அன்றைய பட்டு பெரும்பாலும் 20 அங்குல அகலம்தான். கரையோடு கரை சேர்த்துத் தைத்தார்கள். நீங்கள் அகலத் துணியில் வெட்டியபோது பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடும் திசை மாறியிருந்தால், அளவு சரியாக இருந்தும் துணி வேறு மாதிரித்தான் தொங்கும்.

இன்று எஞ்சியிருக்கும் கவுன்களை மட்டும் வைத்து அன்றைய பெண்களின் உடம்பளவை முடிவு செய்யாதீர்கள். பெரிய கவுனில் துணி அதிகம், வெட்டி வேறு தைக்கலாம். சின்னது யாருக்கும் சேராமல் பெட்டியிலேயே தங்கிவிடும். உழைப்பவர்களின் உடையோ கந்தலாகிக் காகித ஆலைக்குப் போனது.

அளவைவிட உடை எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம். எகிப்தின் தர்கானில் 1913இல் தோண்டியெடுத்த 5,000 ஆண்டுப் பழைய லினன் ஆடை, அழுக்குத் துணிகளோடு கிடந்து 1977இல்தான் அடையாளம் தெரிந்தது. தலைவழியே கழற்றிப் போட்டதுபோல உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. முழங்கையிலும் அக்குளிலும் உடுத்திய சுருக்கம் இன்னும் இருக்கிறது. எந்த டேப்பிலும் அகப்படாத செய்தி அது.

அனுமதி கிடைத்தால் அந்தத் தோளின் உள்பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். துளைகளின் வரிசையை வரைந்து அனுப்பினால் சேர்ந்தே யோசிப்போம். உடுத்திப் பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள், பழைய பட்டு தாங்காது.