ஆறரை மணி நேரமா, பதினெட்டரை மணி நேரமா?

கேள்வி: மகளுக்கு ஜூலையில் பிரசவம். உதவிக்காக ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குத் தனியாகப் போகிறேன். இடையில் எங்கும் நிற்காத விமானம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு, காலை 6.30க்கு இறங்கும் என்கிறது டிக்கெட். ஆறரை மணி நேரப் பயணம்தான் என்கிறார் கணவர். இணையத்தில் தூரம் 15,349 கிலோமீட்டர் என்று பார்த்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் என வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. எது சரி? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மூன்று வேளையும் மாத்திரை.
- 64 வயது வாசகி, சிங்கப்பூர்

பதில்: அம்மா, இரண்டுமே சரியில்லை. பதினெட்டரை மணி நேரம் விமானத்தில் இருப்பீர்கள். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சிங்கப்பூர் நேரம், இறங்கும் நேரம் நியூயார்க் நேரம். ஜூன் மாதத்தில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். கணவர் சொன்ன ஆறரையோடு அந்த 12ஐக் கூட்டுங்கள்.

உங்கள் வகுத்தல் கணக்கில் பிழையில்லை. ஆனால் 15,349 என்பது பூமி உருண்டையின்மேல் நூல் பிடித்தாற்போன்ற மிகக் குறுகிய தூரம். அந்த நூல் ஏறக்குறைய வட துருவத்தின் வழியாகவே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், இணையம் சொன்ன தூரத்தை நெருங்கிவிடுவீர்கள். விமானிகள் பெரும்பாலும் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் இருக்கிறது. அது பின்னாலிருந்து தள்ளுமாறு பசிபிக் கடல் வழியாகப் பறக்கிறார்கள். தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும் என்பதால், பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகத் தொடர்ந்து கிழக்கே வருவார்கள். அப்படி அமைந்தால் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியிருப்பீர்கள்! தரையில் ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் அடக்கம். காற்று கைகொடுத்தால் முன்கூட்டியே இறங்குவதும் உண்டு.

எனக்குக் கவலை உங்கள் மாத்திரையைப் பற்றித்தான். காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை ஆறரை. அங்கே பசியாறும் வேளை உங்கள் உடலுக்கு இரவுச் சாப்பாட்டு வேளை. காலை மாத்திரையா, இரவு மாத்திரையா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே டிக்கெட்டோடு பலதுறை மருந்தகத்துக்குப் போய், எந்த மணிக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதைச் சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முள் கடிகாரம் கட்டியிருந்தால் மாற்றவே வேண்டாம். ஜூனில் இரண்டு ஊரிலும் முட்கள் ஒரே இடத்தில்தான் நிற்கும், பகலும் இரவும் மட்டும் மாறியிருக்கும்.

மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு உணவுக்கு இடையே நெடுநேரம் ஆகலாம் என்பதால் பிஸ்கட்டும், சர்க்கரை திடீரென இறங்கினால் சாப்பிட மிட்டாயும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். விழித்திருக்கும்போதெல்லாம் அவ்வப்போது எழுந்து நடங்கள், இத்தனை நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அழுத்தக் காலுறை தேவையா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் 30 மணி நேரத்துக்கு மேல் ஆவதுபோல் தெரியும், பயப்படாதீர்கள். அப்போது அந்த 12 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

மகளிடம் இறங்கும் நேரத்தைச் சொல்லும்போது நியூயார்க் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிநுழைவு வரிசையும் பெட்டி எடுப்பதும் முடிந்து வெளியே வர எட்டு மணியாகலாம். நிறைமாதக்காரி விடியற்காலையில் வந்து காத்திருக்க வேண்டாம், மருமகன் வந்தால் போதும்.