தட்டையான ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணைக்கு,

நான் யாழ்ப்பாணம், கோண்டாவில். எட்டு வருசமா இத்தாலியில இருக்கிறன். ரெண்டு வருசமா ரோட் பைக் ஓடுறன். போன மாசம் சியன்னாவுக்குத் தெற்கால கிரேத்தே செனேசி எண்ட களிமண் பக்கம் போனனான். மொட்டைமொட்டையா மேடுகள், கத்தியால கீறினமாதிரிப் பள்ளங்கள், இடைக்கிடை ஒரு சைப்பிரஸ் மரம். இப்பிடி ஒரு இடத்தில ஓடேக்கதான் யோசிச்சன், எங்கட ஊர் தட்டையான ஊர், சைக்கிள் ஓடுறதுக்கு எண்டு அங்க ஒண்டுமே இல்லை. அப்பா ஏப்ரலில வாறார், 63 வயசு. சியன்னாவில தொடங்கி லவுரெத்தானா ரோட்டால அஷானோ, மொன்தே ஒலிவெத்தோ மடம், புவொன்கொன்வென்தோ எண்டு சுத்தினால் 70 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. மோட்டர் பூட்டின சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தாறன் எண்டாலும் "எனக்குச் சைக்கிள் ஓடினது காணும் தம்பி" எண்டு போனை வைக்கிறார். அந்தக் காலத்து ஆக்களுக்கு இதின்ர அருமை விளங்காது போல. மூண்டு கேள்வி: அவரைத் தார் ரோட்டால கூட்டிக்கொண்டு போறதோ, அங்கத்தை வெள்ளைக் கிரவல் ரோட்டாலயோ? இப்பிடி நிலத்துக்குத் தமிழில என்ன சொல்? கிரவல் பைக் ஒண்டு வாங்கலாமோ?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

தம்பி,

உம்மட கடிதம் வந்த அண்டைக்குக் காலமைதான் என்ர ரலிச் சைக்கிளைப் பின் ரயர் மாத்தக் கடைக்குக் கொண்டு போனனான். அங்க வேலைக்கு நிண்ட பொடியனுக்கு ஒரு இருவது வயசிருக்கும், சைக்கிளைச் சுத்திப் பாத்திட்டு "ஐயா, முன் மட்காட் எங்க, ஒண்டு போட்டுவிடவோ" எண்டு கேட்டான். வேண்டாமெண்டன். ஏனெண்டு சொல்லத் தொடங்கினால் அண்டைக்கு அவன் வேலை செய்யேலாது. வீட்டை வந்து பாத்தால் உம்மட கடிதம், அதுக்குள்ள களிமண், சைக்கிள், ஒரு அப்பா. அதாலதான் பதில், இல்லாட்டி சைக்கிள் வாங்கலாமோ எண்டு கேக்கிற கடிதத்துக்கெல்லாம் நான் எழுதிறேல்லை.

கிரவல் பைக் கேள்வியை விடுவம். உம்மட காசு, உம்மட நாரி.

தார் ரோட்டால போம். வெள்ளை ரோட்டுகளில மொன்தே சாந்தே மரீயே எண்டு 11.5 கி.மீ. துண்டு ஒண்டு இருக்கு, ஸ்திராதே பியான்கே எண்ட சைக்கிள் ரேசில ஆம்பிளையையும் பொடியனையும் பிரிக்கிற இடம், 2024-ல பொகாச்சர் எண்ட ஸ்லோவேனியாக்காரர் அதிலதான் மற்றவையை விட்டிட்டு வெளிக்கிட்டு மிச்ச 81 கி.மீ.ரும் தனிய ஓடி வந்து வெண்டவர். அதுக்குள்ள கொண்டுபோய் அப்பாவை இறக்காதேயும். ஏப்ரலில மழையும் வரும். 2010-ல ஜீரோ டி இத்தாலியா எண்ட இத்தாலியைச் சுத்துற சைக்கிள் ரேஸ் அந்தப் பக்கத்துக் கிரவல் ரோட்டுகளால மொன்தால்சீனோவுக்குப் போன நாள் மழை பிடிச்சிட்டுது, கடெல் எவன்ஸ் எண்ட அவுஸ்திரேலியாக்காரர் உலகச் சம்பியன்ர வானவில் கோடு போட்ட ஜேர்சியோட வெண்டவர், ஆனால் படத்தைப் பாத்தால் எது கோடு எது சேறு எண்டு தெரியாது. அந்தப் படத்தை முதல் பாத்தண்டு நான் கனநேரம் அதையே பாத்துக்கொண்டு இருந்தனான். அதுக்குப் பிறகு வாறன்.

சொல்லுக்கு ஏன் அலையிறீர்? களர் எண்டு எழுதும். உந்தக் களி முந்திக் கடலடி, உப்பும் சேந்தே கிடக்கு. சோடியம் ஏறின களி ஈரம் பட்டால் ஒட்டி நிக்காது, தூளாக் கரைஞ்சு ஓடிடும், வெயிலுக்கு வெடிக்கும், அடுத்த மழை அந்த வெடிப்புக்குள்ளால இறங்கி உள்ளுக்கிருந்தே அறுத்துக்கொண்டு போகும். நீர் பாத்த மொட்டை மேடுகளில வெள்ளையாப் பூத்துக் கிடக்கிறது உப்புத்தான். சோடியம் ஏறின நிலத்தைத்தான் எங்கட ஆக்கள் களர் எண்டு வைச்சவை, இதைவிடப் பொருத்தமாச் சொல் கிடைக்காது. (அந்தப் பள்ளங்களை இத்தாலிக்காரர் கலாங்கி எண்டு சொல்லுவினமாம். கலங்கின தண்ணி ஓடுற இடத்துக்குக் கலாங்கி! நானே சிரிச்சுப்போட்டன். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆரும் வெளிக்கிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப்போடாதேங்கோ.)

இனி உந்தத் "தட்டையான ஊர்" கதைக்கு வாறன். எட்டு வருசத்தில இவ்வளவு மறதியோ? எங்கட ஊரும் கடலடிதான், மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லு, உம்மட களிமண்ணைவிட மூத்தது. அங்க மழை மேலால ஓடி நிலத்தைக் கீறுது, இஞ்ச மழை கல்லுக்குள்ள இறங்கிக் கீழ குடைஞ்சு வைச்சிருக்கு, அதுதான் ஆறில்லாத ஊரில நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும். ஆறெண்டு சொல்ல ஒரு வழுக்கையாறு, அதுவும் மாரிக்கு மட்டும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீர், போகட்டும்.

எனக்குக் கோவம் வந்தது அதுக்கில்லை. தட்டையெண்டால் லேசு எண்டு நினைக்கிறீர் பாரும், அதுக்கு. நீர் ஒருநாளாவது சோளகத்துக்குள்ள வல்லை வெளியால சைக்கிள் உழக்கி இருக்கிறீரோ? மோட்டச் சைக்கிளில போயிருப்பீர். நான் நாலு வருசம் கோப்பாயிலயிருந்து நெல்லியடிக்குப் படிப்பிக்கப் போய் வந்தனான். சோளகம் தென்மேற்கால வாற காத்து, காலமை போகேக்க முதுகில பிடிச்சுத் தள்ளும், பெடலில கால் வைச்சிருந்தால் காணும், ஆவரங்கால் போனதே தெரியாது. பின்னேரம் திரும்பேக்க அவ்வளத்துக்கும் வட்டியோட கணக்குத் தீக்கும். வல்லைப் பாலம் தாண்டினால் மரமில்லை, மதிலில்லை, உவர் வெளியும் தண்ணியும்தான், சாரம் படபடவெண்டு அடிக்க, தலையைக் குனிஞ்சு முன் சில்லைப் பாத்துக்கொண்டு உழக்கவேணும், நிமிந்து பாத்தால் மனம் விட்டுப்போகும் ஏனெண்டால் அந்தா தெரியிற பனை அரைமணித்தியாலமா அந்தா தெரிஞ்சுகொண்டே நிக்கும். உம்மட மலையில ஏத்தமெண்டால் அங்கால ஒரு இறக்கம் இருக்கு, ஏறினவனுக்கு அது பரிசு. எதிர்க்காத்துக்கு இறக்கம் இல்லைத் தம்பி. வீட்டை வந்து இறங்கினாலும் காதுக்குள்ள அடிச்சுக்கொண்டே இருக்கும். வாடைக்கு எல்லாம் மறுவளம், காலமை வேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடம், பின்னேரம் ராசா மாதிரி வீடு. பொன்னாலைப் பாலத்தால காரைநகருக்குப் போறவையையும் கேட்டுப்பாரும், பண்ணையால வேலணைக்குப் போறவையையும் கேளும். உதுகளுக்கு ஆரும் மப் கீறி, இத்தனையாம் நம்பர் ஏத்தம் எண்டு பேர் வைக்கேல்லை, அதுதான் வித்தியாசம்.

இப்ப அந்த மட்காட்.

90-ல சண்டை திரும்பத் தொடங்கி ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்டாப்பிறகு, கிளாலியில வள்ளம் ஓடுறதுக்கு முன்னம், வன்னிக்குப் போகக் கொம்படி–ஊரியான் எண்டு ஒரு பாதை. பாதையெண்டு சொல்லுறதுதான், உள்ளுக்கு உவர்க்களியும் தண்ணியும். மாமா வட்டக்கச்சியில, அவரிட்ட அரிசி எடுக்க நானும் மச்சானும் சைக்கிளோட போனனாங்கள். போகேக்க வெறுஞ்சைக்கிள், பெரிசாத் தெரியேல்லை. வரேக்க கரியரில ஒரு சாக்கு. களிக்குள்ள இறங்கிப் பத்துப் பதினைஞ்சு அடி உருட்டினால் முன் சில்லு நிண்டிடும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில களி இறுகி, பிறகு சில்லு சுத்தாது, சறுக்கிக்கொண்டுதான் வரும். ஒரு குச்சி முறிச்சு வைச்சிருந்தனான், அதால தோண்டி எடுக்கிறது, சுரண்டினது கையில ஒட்டும், கையை உதறினால் சாரத்தில ஒட்டும், திரும்பப் பத்தடி, திரும்பத் தோண்டு. எனக்கு முன்னால ஒரு ஐயா கடைசியில சைக்கிளைத் தோளில தூக்கிப்போட்டார். "இவ்வளவு காலமும் நான் இதில ஏறினது, இண்டைக்கு இது என்னில" எண்டு சொல்லிக்கொண்டு முழங்காலளவு சேத்துக்குள்ள நடக்கிறார், ஒருத்தரும் சிரிக்கேல்லை. மச்சான்தான் குறடு வைச்சிருந்தவன். முன் மட்காட்டைக் கழட்டி அந்த இடத்திலயே விட்டிட்டு வந்தம். அந்தக் களிக்குள்ள எங்கடது மட்டுமில்லை, கனக்கக் கிடந்தது.

வீட்டை வந்து படுத்து எழும்பிப் பாத்தால் செயின் ஒரே செம்மஞ்சள், உப்பு ஒரு ராவில தன்ர வேலையைக் காட்டிப்போட்டுது. ஒயில் வாங்கேலாத காலம். அம்மா தலைக்கு வைச்சிருந்த தேங்காயெண்ணெயைத் தெரியாமல் எடுத்துப் பூசிப்போட்டன். அரிசி கொண்டுவந்ததுக்கு ஒரு சொல்லும் இல்லை, எண்ணெய்க்கு மூண்டு நாள் பேச்சு.

பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தி கேட்டது, தண்ணி, விறகு, வருத்தக்காரர், பிரேதப் பெட்டி, எல்லாம் சைக்கிளிலதான் போனது. 2022-ல பெற்றோல் கியூ வந்தநேரம் ஊர் முழுக்கத் திரும்பச் சைக்கிளில ஏறிச்சுது, அப்பவும் இளம் பொடியளுக்குப் புதினமா இருந்துது, எங்களுக்கு நாரிதான் முதல் ஞாபகத்துக்கு வந்தது. உம்மட அப்பாவுக்கு 63 எண்டால் அந்தக் கொம்படிக் காலத்தில 28 வயசு. சைக்கிள் ஓடினது காணுமெண்டு சொல்லுற மனிசனைப் பாத்து அருமை விளங்காது எண்டு எழுதியிருக்கிறீர். எழுதமுதல் ஒருக்கா யோசிச்சிருக்கலாம்.

அதுக்காக விடவேண்டாம். காரில கூட்டிக்கொண்டு போம். லவுரெத்தானா ரோட்டில அஷானோவுக்கு முன்னால எங்கயாவது ஓரமா நிப்பாட்டி, அவரை அந்தக் களியில ஒரு ரெண்டு அடி நடக்க விடும், ஒண்டும் விளங்கப்படுத்தாதேயும். சப்பாத்தில ஒட்டினதை அவர் குனிஞ்சு சுரண்டினாரெண்டால், கொம்படியால எத்தினை தரம் வந்தவர் எண்டு கேளும். மட்காட்டோடயோ, இல்லாமலோ எண்டும் கேட்டு எனக்கு எழுதும்.