வேவு பார்த்தது யார் என்பதை விடுங்கள், அந்தப் பென்ட்ரைவ் எங்கே இருக்கிறது?

இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள விசுவமடுவில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவர் காணிப் பிரச்சினைகளில் ஊர்ச் சனத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர். கிளிநொச்சியில் ஒரு கடையில் தன் போனைத் திருத்தக் கொடுத்தார். இரண்டு கிழமைக்குள் அவருடைய குடும்பப் படங்களும் மனுக்களின் பிரதிகளும் சம்பந்தமில்லாதவர்களின் கைக்குப் போயிருந்தன. இதன் பின்னால் வெளிநாட்டு அரசு ஒன்றின் உளவுத்துறை இருப்பதாக அவர் நம்புகிறார். கணினி படிக்கும் அக்காவின் மகன் ஆத்திரத்தில் கடையின் வைஃபை ஊடாகக் கடைக்காரரின் கணினிக்குள் போய், படங்கள் இருந்த ஃபோல்டரை முழுதாகப் பென்ட்ரைவில் இறக்கிவிட்டார். பிறகு கடைக்காரருக்கே அதை வட்ஸ்அப்பில் சொல்லியும் இருக்கிறார். இப்போது கடைக்காரர் ஒன்றரை இலட்சம் ரூபா கேட்கிறார், தராவிட்டால் பொலிசுக்குப் போவாராம். ஆசிரியரின் கேள்வியோ, சர்வதேச நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது என்பது.

சேர், ஆறு பக்கத்தில் ஐந்தரைப் பக்கம் உங்கள் மனவேதனை. அது நியாயமானதுதான், ஆனால் எந்த நீதிமன்றமும் அதை வாசிக்காது. வழக்குக்கு உதவும் வசனம் நான்காம் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது: "தம்பி எல்லாத்தையும் கொப்பி பண்ணி என்னட்டைத் தந்திட்டான்." தம்பி என்று நீங்கள் சொல்வது அக்காவின் மகனைத்தான், நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் சர்வதேசக் கதையை முடித்துவிடுவோம். ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடக்கூடியவை அரசுகள் மட்டுமே. நீங்களும் நானும் அங்கே வாசலில் நிற்கலாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய உரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஜெனீவாவில் உள்ள மனித உரிமைக் குழுவுக்குத் தனிமனிதர் முறையிட வழி இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் முடிவு இங்கே செல்லாது என்பதை 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதோடு நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

தம்பி அடிக்கோடிட்டு அனுப்பிய தாலின் கையேட்டையும் பார்த்தேன், இணையவழி நடவடிக்கைகளுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் புத்தகம். 2017இல் வந்த இரண்டாம் பதிப்பு. மைக்கேல் ஷ்மிட் தலைமையில் சர்வதேசச் சட்ட அறிஞர்கள் கூடி எழுதியது, நல்ல வேலை. ஆனால் அது ஒப்பந்தம் அல்ல, எந்த அரசும் அதற்குக் கையொப்பம் வைக்கவில்லை. தம்பி அதன் 32ஆம் விதியை ஆறுதலாக வாசிக்கவேண்டும். சமாதான காலத்தில் ஓர் அரசு இணையவழியில் வேவு பார்ப்பது அதனளவில் சர்வதேசச் சட்ட மீறல் ஆகாது, வேவு பார்த்த முறை வேண்டுமானால் மீறலாகலாம் என்றுதான் அங்கே இருக்கிறது. உங்கள் கட்சிக்கு என்று கொண்டுவந்த சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது.

லண்டனில் தங்கை இருக்கிறா, அங்கே வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சவூதி அரேபியாவுக்கு எதிராக, உளவு மென்பொருள் சம்பந்தமான வழக்கொன்றை 2022இல் இங்கிலாந்து நீதிமன்றம் நடத்த அனுமதித்தது உண்மை. வழக்குப் போட்ட மனிதர் இங்கிலாந்தில் இருந்தவர், பாதிப்பும் அங்கேயே நடந்தது. உங்கள் போன் கிளிநொச்சியில் ஒரு மேசையில் கிடந்தது. போதாததற்கு, அரசு ஒன்று செய்தது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இருப்பது ஒரு கடைக்காரர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரமில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதையே குற்றமாக்குகிறது. ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எடுத்த படம் யாருடையது என்று அந்தப் பிரிவு கேட்காது. "எங்கட படத்தைத்தானே திருப்பி எடுத்தனாங்கள்" என்பது பேச்சுக்கு அழகு, எதிர்வாதம் ஆகாது. கடைக்காரரும் திருத்தத் தந்த போனில் இருந்து பிரதி எடுத்திருந்தால் அதே பிரிவுக்குள் வருவார். ஆனால் அவருக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே சான்று, தம்பி குற்றம் செய்து எடுத்த சான்று. தம்பிக்கு எதிராக அவரிடம் இருப்பதோ தம்பியே அனுப்பிய வட்ஸ்அப் செய்தி. பொலிசாரிடம் சொல்லும் குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியாகாது. கடைக்காரருக்கு அனுப்பிய செய்தி ஆகும்.

பென்ட்ரைவை வைத்திருக்கும் உங்களுக்கு 7ஆம் பிரிவு இருக்கிறது. சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட தரவு என்று தெரிந்துகொண்டு அதை வாங்குவது, வைத்திருப்பது, பரப்புவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

நான் உண்மையில் பயப்படுவது இதற்கும் அடுத்த இடத்தில். தம்பி உங்கள் படங்களை மட்டும் எடுக்கவில்லை, ஃபோல்டரை முழுதாக எடுத்திருக்கிறார். அந்தக் கடையில் போன் திருத்துகிறவர்கள் யார் யார்? வன்னியில் இராணுவ முகாம் இல்லாத வீதி எது? விடுமுறைக்குப் போகும் சிப்பாயும் உடைந்த திரையை அங்கேதான் மாற்றுகிறான். அவனுடைய படங்களில் முகாமின் உள்பக்கம், வாகனம், ஆயுதம் ஏதாவது இருந்தால், அது இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு தேசியப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டம் தனியாக இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் மற்றச் சட்டமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் உயர் பொலிஸ் அதிகாரியிடம் சொல்வது சாட்சியாகும் என்பதையும் இந்த மண்ணில் எல்லோரும் அறிவார்கள். தன்னை வேவு பார்த்தார்கள் என்று முறையிடப் போனவரே வேவு பார்த்தவராக விளக்கம் சொல்லும் நிலை வரும்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் தவறிவிடுகிறார்கள். "சேர், ஆதாரம் கையோட இருக்கு" என்று நேரே பொலிஸ் நிலையத்துக்கு நடந்து, முறைப்பாட்டாளராக உள்ளே போய்ச் சந்தேக நபராக வெளியே வந்தவர்களை நான் பிணை எடுத்திருக்கிறேன். இன்னும் சிலர் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவார்கள். பிறகு சாட்சியத்தை அழித்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே திறக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், பேஸ்புக்கில் கடையின் பெயரைப் போடவும் வேண்டாம்.

பணம் கொடுக்கலாமா? கூடாது. "முறைப்பாடு செய்யாமல் இருப்பதற்காக இவ்வளவு தந்தேன்" என்று ஒரு கடதாசி எழுதினால் அது அவருக்கும் உங்களுக்கும் விலங்கு. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் குற்றம்தான். ஒன்றரை இலட்சம் கொடுத்தவரிடம் அடுத்த மாதம் மூன்று இலட்சம் கேட்பார்கள்.

ஆனால் சமாதானமாகப் போங்கள். நேரே போகாமல் ஒரு சட்டத்தரணி மூலம் பேசுங்கள். கடைக்காரர் தலைக்கு மேலும் அதே ஐந்து வருடம் தொங்குகிறது என்பதை அவருக்குப் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும். காசு கைமாறாமல் இருவரும் விலகிக்கொள்வதே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு. உங்களுக்கு இது தோல்வியாகப் படும். தம்பிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு மிச்சம் இருக்கிறது.

அரசு அதிகாரி ஒருவர்தான் செய்வித்தார் என்பதற்கு நம்பகமான தகவல் ஏதும் கிடைத்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம், ஆறு பக்கக் கடிதம் எழுத அதில் நேரம் இல்லை.

சட்டத்தரணியிடம் நாளைக்கே போங்கள். பென்ட்ரைவை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டிக் கொண்டுபோங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாலின் கையேட்டை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.