அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் டெக்சாஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். அப்பா மறைந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை சான் அன்டோனியோ நகரின் ரிவர் வாக் என்ற ஆற்றோர நடைபாதையில்தான் பார்த்தேன். 1921 வெள்ளத்துக்குப் பின் அந்த ஆற்றை மூடிச் சாக்கடையாக்க இருந்தார்கள், பெண்கள் சங்கம் ஒன்று தடுத்தது, ராபர்ட் ஹக்மன் என்ற கட்டடக் கலைஞர் கனவு கண்டு நடைபாதையை உருவாக்கினார் என்றெல்லாம் படகோட்டி சொன்னார். ஒரு வகையில் அந்த வெள்ளம் வந்ததும் நல்லதுதான் என்று தோன்றியது. அம்மாதான், "இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, தண்ணீர் ஏறாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹக்மனைப் பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும்.

கு.

அன்புள்ள கு.,

அம்மா சிரித்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் மேற்கொண்டு படிக்காமல் இருந்தேன். அடுத்த சில வரிகளிலேயே வெள்ளம் வந்ததும் நல்லதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நல்லது?

ஹக்மனை முதலில் முடித்துவிடுகிறேன். 1929இல் அவர் திட்டத்தை முன்வைத்தபோது வயது 27. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு நடத்திய வேலைவாய்ப்புத் திட்டத்தில் பணம் கிடைத்து 1939இல் வேலை தொடங்கி 1941இல் முடிந்தது. இடையில் 1940இல் அவரையே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தம் அலுவலகத்தை ஆற்று மட்டத்துக்கு மாற்றியபோது, வெள்ளம் வந்தால் வளையில் எலி சாவதுபோல் சாவாய் என்று கேலி செய்தார்களாம். பெண்கள் சங்கம் 1924இல் நகர ஆணையர்கள் முன்னால் பொம்மலாட்டம் நடத்தி ஆற்றுக்காக வாதாடிய கதை இனிமையானது. ஆனால் அது சொல்லச் சொல்ல வளர்ந்த கதையும்கூட. அதை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் உருப்படியான கேள்வி அம்மாவுடையது. தெருவிலிருந்து ஒரு மாடி இறங்கி, கைப்பிடிச் சுவர்கூட இல்லாத கரையில், தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு ஆற்றங்கரையில் வாழ்ந்த புத்தி வேண்டும். நீங்கள் படகில் சுற்றியது நகர நடுவில் ஆறு குதிரை லாடம்போல் வளையும் பகுதி. 1920களில் அந்த வளைவின் கழுத்தில் நேராக ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ளம் அதன் வழியே போய்விடும். வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மதகுகள் இருக்கின்றன. பெருமழையில் அவற்றை இறக்கிவிட்டால் அந்த லாடம் கிட்டத்தட்ட ஒரு குளம். அதே 1920களில் வடக்கே ஓல்மோஸ் ஓடையின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். பெரும்பாலான நாட்களில் அதன் பின்னால் தண்ணீரே இருக்காது, பூங்காதான் இருக்கும். மழைக்காகக் காலியாகக் காத்திருக்கும் அணை அது. இவை போதாமல், 24 அடி விட்டத்தில் ஏறத்தாழ மூன்று மைல் நீளச் சுரங்கம் ஒன்றைப் பூமிக்கடியில் 140 அடிக்கும் கீழே தோண்டி 1997இல் முடித்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் கொட்டிய பெருமழையை அது நகருக்கு அடியிலேயே கடத்திவிட்டது. ஹக்மனின் 31 படிக்கட்டுகளும் அந்தப் பூச்செடிகளும் இத்தனை ஏற்பாடுகளின் மேல் நிற்கின்றன. வெள்ளத் தடுப்பு வேலையில் மிஞ்சிப்போன ஒரு வளைவைத்தான் அவர் அழகாக்கினார்.

இனி நீங்கள் 'நல்லதுதான்' என்ற வெள்ளம். பாஸ்டன் பொறியாளர்கள் 1920இலேயே, பெரும் வெள்ளம் வரும், ஓல்மோஸில் அணை கட்டுங்கள் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். கட்டவில்லை. 1921 செப்டம்பர் 9ஆம் தேதி இரவு வெள்ளம் வந்தது. கடைத்தெருக்களில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது, படங்கள் எடுத்தார்கள், அந்தப் படங்கள்தான் இன்றும் கண்ணில் படுகின்றன. இறந்தவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் இறந்தது கடைத்தெருவில் அல்ல. மேற்கே அலசான் ஓடையையும் அதை ஒட்டிய ஓடைகளையும் நம்பிக் குடிசை போட்டிருந்த மெக்சிக்க வம்சாவளிக் கூலிக் குடும்பங்கள் தூக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டன. அலசானின் தண்ணீர் ஓல்மோஸ் வழியாக வருவதே இல்லை. அது நகர நடுவுக்குத் தெற்கே போய்த்தான் ஆற்றில் சேர்கிறது. அப்படியென்றால் அந்த வெள்ளத்தைப் பார்த்த பிறகு கட்டிய அணை, அந்த வெள்ளத்தில் செத்தவர்களின் தெருவில் ஒரு குடம் தண்ணீரைக்கூடக் குறைக்காது. இதைத் திரும்பப் படியுங்கள். அணை வணிகர்களின் தெருவைக் காத்தது. அந்தக் காப்பின் நிழலில் நடைபாதை வந்தது. மேற்குப் பகுதியில் அதற்குப் பிறகும் மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 1974இல் அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயங்களின் மக்கள் 'காப்ஸ்' என்ற அமைப்பாகத் திரண்டு நகர மன்றத்துக்குள் கூட்டமாகச் சென்று, பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புதல் பெற்ற வடிகால் வேலைகள் எங்கே என்று கேட்ட பிறகுதான் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். வெள்ளத்துக்கும் அந்தப் பணத்துக்கும் இடையே 53 ஆண்டுகள்.

நானும் உங்களைப்போல முதல் நாள் அந்தப் படகில் போய், படகோட்டியின் நகைச்சுவைக்குச் சிரித்தவன்தான். மறுநாள் ஆகஸ்ட் வெயிலில் மேற்கே ரயில் பாதையைத் தாண்டி அலசான் வரை நடந்தேன். சிமென்ட் சரிவுகளுக்கு நடுவே கணுக்காலளவு தண்ணீர். கரையோரக் கம்பி வேலியில் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் பைகளும் காய்ந்த புல்லும் ஒரே மட்டமாகச் சிக்கியிருந்தன. போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு அதுதான் அளவுகோல். அரை மணி நேரம் நின்றேன். ஒரு படகும் வரவில்லை, ஒருவரும் எனக்குக் கதை சொல்லவில்லை.

ஹக்மனைப் பற்றி விரிவாக இன்னொரு சமயம் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார் என்கிறீர்களே, ஒரு முறையாவது பதில் சொன்னீர்களா?