ஆசிரியர்கள் பாடத்துக்கு ஏற்ற விளையாட்டுகளைத் தாங்களே உருவாக்க நாம் எப்படி உதவலாம்?

கேள்வியைப் பார்த்தால், நீங்களும் வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பவர் என்றே தோன்றுகிறது. அப்படியானால், ஆசிரியர்களின் கையில் முதலிலேயே சார்ட் அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கற்றல் விளைவுக்காக, அதாவது பிள்ளை எதைச் செய்யக் கற்பதற்காக, அந்த விளையாட்டு என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே, தன் முறை வரும்போது பிள்ளை மனத்துக்குள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரிகளும் பொருந்தவில்லை என்றால் விளையாட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நான் பார்வையிடச் சென்ற பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை கடன் வாங்கிக் கழித்தலுக்காகப் பரமபதம் செய்திருந்தார். கட்டத்துக்குக் கட்டம் கழித்தல் கணக்கு. பாம்பின் செதில்களைக்கூட வண்ணம் தீட்டிச் சொந்தச் செலவில் லேமினேட் செய்திருந்தார். பிள்ளைகளின் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் யார் எங்கே நகர்வது என்பதைப் பகடை தீர்மானித்தது. யாருடைய முறை வந்தாலும், நன்றாகப் படிக்கும் ஒரே சிறுமிதான் விடையைச் சொன்னாள். கழிக்கவே தெரியாத பையன் ஏணியேறி வென்றான்.

“பிள்ளைங்க சந்தோஷமாத்தானே விளையாடினாங்க, சார்?” என்றார் ஆசிரியை.

“ஆமாம் டீச்சர். ஆனா அவன் கழிச்சானா?”

பலகையை வைத்துக்கொண்டு பகடையை எடுத்துவிட்டோம். கரும்பலகையில் 61 என்று எழுதி, 27, 38, 19 என்ற மூன்று அட்டைகளைப் பிள்ளையின் முன் வைத்தோம். ஏதேனும் ஒன்றைக் கழித்து, விடையின் இரண்டு இலக்கங்களையும் கூட்டி, அத்தனை கட்டம் நகர வேண்டும். நிற்கும் இடத்திலிருந்து ஐந்தாம் கட்டத்தில் ஏணி இருந்தால் 38-ஐத்தான் எடுக்க வேண்டும். 23 வரும், 2-உம் 3-உம் சேர்ந்து 5. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்து 37 என்று சொல்லும் பிள்ளை பத்துக் கட்டம் தாண்டப் போகும்போதே பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்துவிடும். இலக்கங்களைக் கூட்டாமல் விடையின் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் நகர்வுக்கு எடுத்திருந்தால், கடன் கொடுத்த பத்தைக் குறைக்க மறந்து 33 என்று சொல்பவர் தப்பியிருப்பார்.

விளையாட்டையும் தேர்வாக்கிவிட்டான் இவன் என்று சிலர் சொல்லக்கூடும். பகடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் முதலில் ஆடுவது என்பதை அது தீர்மானிக்கட்டும், யார் வெல்வது என்பதை வேண்டாம். பயிற்சிகளில் கற்பித்தல் துணைக்கருவிகளை மேசையில் அடுக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறவர்கள், எத்தனை செய்தீர்கள் என்று கேட்கிறார்களே ஒழிய, எதற்குச் செய்தீர்கள் என்று கேட்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில், தொடக்க நிலையான அரும்பு நிலைப் பிள்ளைகளும் மேல் நிலையான மலர் நிலைப் பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பார்கள். அவர்களுக்காகத் தனித்தனிப் பலகை செய்ய வேண்டியதில்லை. கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு 61-க்குப் பதிலாக 69 என்று எழுதுங்கள். அதே மூன்று அட்டைகளைக் கொண்டே அந்தப் பிள்ளையும் ஆடலாம்.