வெற்றி விகிதம் பார்த்து வார்ஹேமர் படை வாங்கலாமா?

சிறு பொம்மைப் படைகளை மேசையில் டைஸ் உருட்டி மோதவிடும் வார்ஹேமர் 40,000 ஆடத் தொடங்கப் போகிறீர்கள், போட்டிகளில் 55 சதவீதம் ஜெயிக்கும் படையாகப் பார்த்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்காக மட்டும் என்றால் வேண்டாம். நான் வாங்கிப் பட்டவன்.

2023 ஜூனில் விதிகளின் பத்தாம் பதிப்பு வந்தபோது ஏல்தாரி என்ற படை எதிரே நின்றவர்களையெல்லாம் துவைத்து எடுத்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே கொஞ்சம் டைஸ் உருட்டி ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள், முக்கியமான நேரத்தில் உருட்டாமலே அதிலிருந்து ஒரு ஆறை எடுத்து வைத்துவிடுவார்கள். தாயத்தில் யாராவது அப்படிச் செய்தால் கட்டையைப் பிடுங்கிவிடுவோம். ஸ்பேஸ் மரீன் படையை வைத்து அடி வாங்கியே அலுத்துப்போய் நானும் ஏல்தாரி வாங்கினேன். பெட்டி சேலம் வந்து சேரவே நாளாகிவிட்டது, ஒட்டி முடித்து ஏற்காட்டில் மாமா வீட்டு மொட்டைமாடியில் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தால் அன்றைக்கென்று பனிமூட்டம், கறுப்பு பிரைமர் விபூதி பூசினாற்போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. கழுவி மறுபடி அடித்து பெயின்ட்டும் முடிப்பதற்குள் செப்டம்பர் விதித் திருத்தம் வந்து என் படையின் பல்லைப் பிடுங்கிவிட்டது.

இது திடீர் விபத்து இல்லை. எல்லாப் படையின் வெற்றி விகிதமும் 45க்கும் 55க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் சொல்லும் குறி. மேலே போனால் ஒவ்வொரு பொம்மைக்கும் உள்ள பாயிண்ட் விலையை ஏற்றுவார்கள், அதே கணக்குக்குள் குறைவான பொம்மைதான் இறக்க முடியும்; கீழே விழுந்தால் குறைப்பார்கள். நீங்கள் பார்க்கும் எண் போன மாதத்துடையது, உங்கள் பெயின்ட் காய்வது வரும் மாதம்.

எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. உண்மையில் சரிசமமான ஒரு படை 50 ஆட்டத்தில் 30 ஜெயித்து 60 சதவீதம் காட்டுவது வெறும் அதிர்ஷ்டத்திலேயே பத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஒரே படை தன்னோடு மோதும் ஆட்டங்களைக் கழிக்காவிட்டால் கணக்கு தானாக 50 பக்கம் இழுக்கும். ஸ்பேஸ் மரீனைப் புதியவர்கள் நிறைய ஆடுவதால் அதன் எண் கொஞ்சம் இறங்கித்தான் தெரியும்.

சரி, 55க்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ஐந்து சுற்றுப் போட்டியில் ஐந்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு 55 சதவீதப் படைக்கு நூற்றுக்கு 5, 45 சதவீதப் படைக்கு 2கூட இல்லை. கோப்பைக்கு ஆடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் ஒரு ஆட்டம் என்று எடுத்தால் இருபதில் 11 ஜெயிப்பதற்கும் 9 ஜெயிப்பதற்கும் உள்ளதுதான், அதை முதல் வருஷத்தில் உங்கள் தப்புகளே தின்றுவிடும்.

மேசை மாறினாலும் எந்தப் படை ஜெயிக்கும் என்பது மாறிவிடும். இங்கே சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஆறு பேர் ஆடுகிறோம். பிளைவுட் மேசை, தெர்மகோலில் வெட்டிய இடிந்த கட்டடங்கள். முதலில் நாலே கட்டடம்தான் இருந்தது, தூரத்திலிருந்து சுடுகிற படையெல்லாம் ஜெயித்தது. இன்னும் ஆறு செய்து வைத்த பிறகு ஓடிவந்து வெட்டுகிற ஆர்க் படை தலையெடுத்துவிட்டது. விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை! அந்த ஆர்க் அண்ணன் பொம்மை செத்ததைப் பற்றிக் கவலையே படமாட்டார், ஒரு ஆட்டத்தின் ஐந்து சுற்றிலும், பிடித்து வைத்தால் வெற்றிப் புள்ளி தரும் குறிக்கோள் இடங்களில் ஆள் நிறுத்திப் புள்ளி எண்ணிக்கொண்டே இருப்பார், நாங்கள் சுட்டு வீழ்த்தின சந்தோஷத்தில் தோற்றுப்போவோம்.

எது வாங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால் ஒரு ஞாயிறு மதியம் வாங்க, என் ஏல்தாரியை இரவல் தருகிறேன், நாலு ஆட்டம் ஆடிப் பாருங்கள். இப்போது பெட்டியில் சும்மாதான் இருக்கிறது.