வெளிநாட்டு வாசகருக்கு நம்மூர்த் தோட்டப் புத்தகம்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டம் பற்றிப் புத்தகம் எழுதுகிற சிலர், அதை இலங்கை, கனடா, ஆஸ்திரேலியத் தமிழர்களிடமும் கொண்டுசேர்க்க விரும்புகிறார்கள். தோட்டக்கலை நூல்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால், அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பூதப்பாண்டியிலிருந்து: அண்ணாச்சி, என் புத்தகம் சித்திரை தொடங்கி மாத வரிசையில் போகிறது. டொராண்டோவில் இருக்கும் மகளும் அவள் தோழிகளும் படிக்க வேண்டும். தமிழ் மாதங்களை ஆங்கில மாதங்களாக மாற்றினால் போதுமா?

போதாது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நம் இரண்டு நெல் போகங்களும் அந்தக் கணக்கில் வந்தவைதான். உங்கள் ஜூன் மாதம் ராமநாதபுரத்துக்காரருக்கே உதவாது. டொராண்டோவை என்ன சொல்ல? ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னால் மெல்போர்ன்காரர் நடுக்குளிரில் விதைத்துவிட்டு உங்களைத் திட்டுவார்.

மாதத்தை அடித்துவிட்டு நிலைமையை எழுதுங்கள்: கடைசி உறைபனி கழிந்த பின், இரவிலும் குளிர் விட்ட பின், மழை தொடங்கும் முன் என்று. டொராண்டோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாதத்தில் கழியும். அதற்கு முன் வெண்டை விதையை வெளியே போட்டால் மண்ணிலேயே அழுகிவிடும்.

அதோடும் விஷயம் தீரவில்லை. நம் நாட்டு அவரைக்கொடி பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஆடியில் போட்டது மார்கழியில் காய்த்துத் தள்ளுகிறது. நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். டொராண்டோவின் கோடைப் பகலோ 15 மணி நேரத்துக்கும் மேல். கொடி பந்தலை மூடும், ஒரு பூவும் இருக்காது. இலையுதிர் காலத்தில் மொட்டு வரும்போது பின்னாலேயே உறைபனியும் வந்துவிடும். உங்கள் மகள் உரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குற்றவரை (கொடி ஓடாத செடியவரை) ரகங்களைத் தேடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் அவளுடைய ஒரு கோடை வீணாகாது.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: வெளிநாட்டுப் புத்தகங்களில் செடிக்குச் செடி ஒரு மண்டல எண் போடுகிறார்களே, நானும் போடவா?

முருங்கை, கறிவேப்பிலை, செவ்வாழை போல ஆண்டுக்கணக்கில் நிற்பவற்றுக்கு மட்டும் போடுங்கள் டீச்சர். கத்தரிக்கும் கீரைக்கும் வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் 1 முதல் 13 வரையிலான எண், ஓரிடத்தின் சராசரிக் கடுங்குளிரை மட்டுமே சொல்கிறது. மழையையும் கோடை வெயிலையும் அது கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனில் வேறு அளவுகோல். அமெரிக்க எண் கூடக் கூட இடம் வெப்பமானது. பிரிட்டனின் எச்1 முதல் எச்7 வரையான வரிசையில் எண் கூடக் கூடச் செடி குளிரைத் தாங்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

குலசேகரத்திலிருந்து: நாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிப்பு போடலாமா?

காசு இருந்தால் போடலாம். ஒரே புத்தகமே போதும் என்பேன். "இது குமரி மாவட்டத்துத் தோட்டம்" என்று முதல் பக்கத்தில் மழை, மண், வெயில் விவரத்தோடு சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கம் செம்புறைமண், புளிப்பு அதிகம். அதனால் சுண்ணாம்பு இடச் சொல்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நிலத்தடியே சுண்ணாம்புப் பாறை. காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் அங்குள்ளவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதப் புறப்பட்டவர்களின் புத்தகம் எந்தக் கொல்லைக்கும் பொருந்தாமல் நிற்பதைத்தான் பார்க்கிறேன்.

குளச்சலிலிருந்து: அளவுகளை எப்படித் தருவது?

கிராம், லிட்டர், சதுர மீட்டர். ஒரு சிரட்டை சாம்பல், ஒரு கடவம் சாணம் என்பதை எடுக்க வேண்டாம், அழகாக இருக்கிறது. பக்கத்திலேயே அளவையும் போடுங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கேலன் பக்கமே போகாதீர்கள்: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். மருந்து கலக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் இலையைக் கருக்கிவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து: வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லா நாட்டுக்கும் பொதுதானே?

பூச்சிக்குப் பொது, சட்டத்துக்கு இல்லை தம்பி. கனடாவில் பதிவுபெறாத வேப்பெண்ணெயைப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தக் கூடாது. மருந்து வரும் ஒவ்வொரு பக்கத்திலும் "உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள்" என்று எழுதுங்கள். கறிவேப்பிலைக்கும் இதே கவனம் வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்தைச் சாகடிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். அதனால் கலிபோர்னியாவில் அந்தக் கன்றை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. "உறவினருக்கும் ஒரு கன்று கொடுங்கள்" என்ற உங்கள் வரியை எடுத்துவிடலாம்.

நாகர்கோவிலிலிருந்து: ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வாங்கச் செலவாகுமா?

இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறொன்று.

தோவாளையிலிருந்து: அண்ணாச்சி, புத்தகத்தோடு ஒரு விதைப் பொட்டலம் வைத்து அனுப்பினால் நன்றாக இருக்குமே?

நன்றாகத்தான் இருக்கும், போய்ச் சேர்ந்தால். பல நாடுகள் விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன. ஆஸ்திரேலியா இதில் மிகக் கறார். விதையால் புத்தகமும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். விதையின் படத்தை அளவுகோலோடு அச்சிடுங்கள். விதையை அவர்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.